கட்டத்தின் அளவில் பிறந்த பூகம்பங்கள்: பிளவுத்தள சிமுலேஷனில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது இது. ஆய்வுக்குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பேராசிரியை, முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், கணினிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் நான், ஏ.சி.க்காகவும் வந்து உட்காரும் இளநிலை மாணவர்கள் சிலர். பூமிக்குள் ஒரு பிளவுத்தளம் (பாறையின் இரு பக்கங்கள் உரசி நிற்கும் பரப்பு) நூறு, இருநூறு வருடம் பூட்டிக் கிடந்துவிட்டு எப்படிச் சில நொடிகளில் நழுவுகிறது என்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பதுதான் மாணவியின் புராஜெக்ட்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இது எதற்கு என்று முதல் ரிவ்யூவிலேயே ஒருவர் கேட்டார். பதில் இல்லாமல் இல்லை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த 5.5 அளவு நடுக்கம் இங்கே நன்றாகவே தெரிந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் வந்தபோது இங்கே அலுவலகங்களைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். அது 2004 டிசம்பர் மாதிரி ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழைந்ததால் வந்தது அல்ல, பாறை பக்கவாட்டில் நழுவியதால் வந்தது. அதனால்தான் மாணவியும் பக்கவாட்டில் நழுவும் செங்குத்தான தளத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் மாதிரி அந்தக் குறிப்பிட்ட பிளவைப் பற்றியது இல்லை. 80 கிலோமீட்டர் நீளம், 40 கிலோமீட்டர் ஆழம், மேடு பள்ளமே இல்லாத ஒரு சீரான தளம். மேல் 15 கிலோமீட்டர் பூட்டிக்கொள்ளும், அதற்குக் கீழே மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். வருடத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் வேகத்தில் இரு பக்கமும் இழுக்கப்படுகிறது.

உராய்வுக்கு எல்லோரும் பயன்படுத்தும் விதியையே எடுத்தோம், அதாவது ஜேம்ஸ் டீட்ரிச் 1979-லும் ஆண்டி ரூயினா 1983-லும் உருவாக்கியது. உராய்வு ஒரு நிலையான எண் அல்ல, இப்போதைய வேகத்தையும் தொடுபரப்பு எவ்வளவு காலம் அசையாமல் கிடந்தது என்பதையும் பொறுத்தது என்கிறது அந்த விதி. ரொம்ப நாள் நகர்த்தாத பீரோ முதல் இழுப்பில் அசையாது, நகர ஆரம்பித்துவிட்டால் தானாக வரும், அந்த மாதிரி. வேகத்தின் விளைவுக்கு ஒரு கெழு (0.010), கிடந்த காலத்தின் விளைவுக்கு ஒரு கெழு (0.015). இரண்டாவது பெரிதாக இருந்தால் வேகம் கூடக் கூடப் பிடி தளரும், பூகம்பம் சாத்தியமாகும். மூன்றாவது எண்தான் இந்தக் கதையின் மையம்: பழைய தொடுபரப்பு மறந்துபோய்ப் புதிய தொடுபரப்பு உருவாக எவ்வளவு தூரம் நழுவ வேண்டும் என்பது. இதை மறதித்தூரம் என்று நாங்கள் லேபில் பேசிக்கொள்வோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஆய்வுக்கூடப் பாறைகளில் இது மைக்ரான் கணக்கு. கணினியில் அந்த அளவை வைத்தால் எந்தக் கிளஸ்டரும் (பல கணினிகளை இணைத்த தொகுப்பு) தாங்காது, அதனால் மில்லிமீட்டரில் வைத்துக்கொள்வது வழக்கம். மாணவி 8 மில்லிமீட்டரில் தொடங்கினார்.

தளத்தை 500 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தார். 160-க்கு 80, மொத்தம் 12,800 கட்டங்கள். ஒரு கட்டம் நழுவினால் மற்ற எல்லாக் கட்டத்திலும் தகைவு மாறும் என்பதால் 12,800-ஐ அதாலேயே பெருக்கினால் வருகிற 16.4 கோடி எண்களை நினைவகத்தில் வைக்க வேண்டும், அது 1.3 ஜி.பி. மாணவியின் 8 ஜி.பி. லேப்டாப்பில் அடங்கும். கட்டத்தை 250 மீட்டராக்கினால் 21 ஜி.பி. ஆகிவிடும், அடங்காது. ஆக, 500 மீட்டர் என்பதைத் தேர்ந்தெடுத்தது பாறை இல்லை, லேப்டாப்.

முதலில் கண்டது

8 மில்லிமீட்டரில் ரன் போட்டபோது நூறு வருடத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில், தளம் முழுக்கக் கிழித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 3 மீட்டர் அளவுக்கு நழுவும் பெரிய பூகம்பங்கள் மட்டுமே வந்தன. கடிகாரம் மாதிரி. "அண்ணா, எல்லாம் ஒரே மாதிரி வருது, இத வச்சு நான் என்னத்த எழுதுறது?" என்றார் மாணவி. நியாயமான கேள்வி.

ஆய்வுக்கூட அளவுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் போகலாம் என்று மறதித்தூரத்தை 4 மில்லிமீட்டராகக் குறைத்தார். இன்புட் ஃபைலில் ஒரே ஒரு வரி. கட்டங்களுக்கான ஃபைல் தனியாக இருந்தது, அதை யாரும் தொடவில்லை.

ரன் முடிந்து பார்த்தால் பெரிய பூகம்பங்களுக்கு இடையில் சிறியதும் நடுத்தரமுமாக ஏகப்பட்ட நிகழ்வுகள். அளவுக்கு எதிராக எண்ணிக்கையைப் போட்ட கிராப்பில் கிட்டத்தட்ட நேர்கோடு, சாய்வு 1-க்குப் பக்கத்தில். நில நடுக்கம் படித்தவர்களுக்கு இது உடனே கண்ணில் படும்: குட்டன்பர்க்–ரிக்டர் விதி, அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை சுமார் பத்து மடங்கு. உண்மையான பூமியில் இப்படித்தான் இருக்கிறது. பேராசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு. மேடு பள்ளமே இல்லாத சீரான தளத்தில், உராய்வு விதி மட்டுமே இதை உண்டாக்கியது என்று சொல்ல முடிந்தால் அது சாதாரண விஷயம் இல்லை. அந்த வாரமே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் போனது. நகரத்தில் உள்ள ஒரு கட்டமைப்பு ஆலோசகர் கேட்டார் என்று பூகம்பப் பட்டியலும் அவருக்கு மெயிலில் போனது.

என் அபிப்பிராயம், இந்த இடத்தில் எல்லோரையும் சாய்த்தது அந்த நேர்கோடுதான். கிராப் அசிங்கமாக வந்திருந்தால் அன்றைக்கே நிரலைக் குடைந்திருப்போம்.

சந்தேகம் எங்கே வந்தது

ஆலோசகர் தரப்பில் எக்செல்லில் திறக்கிற மாதிரி வேறு வடிவத்தில் கேட்டார்கள். அதற்காக நான் பட்டியலைப் பரப்பளவு வாரியாக அடுக்கியபோது முதல் பக்கம் முழுக்க ஒரே எண்: 0.25, 0.25, 0.25. அப்புறம் கொஞ்சம் 0.50, அதற்குப் பிறகு 0.75. சதுர கிலோமீட்டரில். கட்டம் கட்டமாகப் பிரித்த தளத்தில் பரப்பளவு படிப்படியாகத்தான் வரும், அது தப்பில்லை. ஆனால் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றால் 0.25. அதாவது பட்டியலில் பெரும்பான்மையான பூகம்பங்கள் ஒரே ஒரு கட்டத்தில் தொடங்கி அதே கட்டத்துக்குள் முடிந்துவிட்டவை, ஒட்டியிருக்கும் பக்கத்துக் கட்டத்துக்குக்கூடத் தெரியாமல். எல்லாம் 3.5 அளவுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

முதலில், நிரல் கணக்கைப் படிப்படியாக முன்னே நகர்த்தும் நேர இடைவெளி மேல்தான் சந்தேகம் போனது. பூட்டிக் கிடக்கும்போது நொடிக்கு ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு, நழுவும்போது நொடிக்கு ஒரு மீட்டர், இரண்டுக்கும் நடுவே நிரல் அந்த இடைவெளியை நாட்கணக்கிலிருந்து மில்லிசெகண்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், பொதுவாகச் சொதப்பல் அங்கேதான் நடக்கும். பிழை வரம்பை இறுக்கிப் பார்த்தோம். எதுவும் மாறவில்லை. மாணவிக்கு இது நிம்மதியாக இருந்தது, எனக்கு இல்லை. கொடுத்த சமன்பாட்டுத் தொகுதியை நிரல் சரியாகவே தீர்க்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்தத் தொகுதி தொடர்ச்சியான ஒரு பிளவுத்தளத்தின் பிரதிநிதியா என்பது வேறு கேள்வி.

பிறகு பேப்பரை எடுத்துக் கையால் கணக்குப் போட்டோம். விறைப்பு மாறிலி 32 கிகாபாஸ்கல், அழுத்தம் 50 மெகாபாஸ்கல், மறதித்தூரம் 4 மில்லிமீட்டர். இவற்றிலிருந்து மூன்று நீளங்கள் வரும். பூகம்பம் வேகமெடுக்கும் முன் மெதுவாக நழுவி வளர வேண்டிய திட்டின் நீளம் சுமார் 1 கிலோமீட்டர். ஒரு கட்டம் அக்கம்பக்கத்தை விட்டுத் தனியாக வெடிக்காமல் இருக்க அது எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்ற வரம்பு சுமார் 330 மீட்டர். கிழிசல் முன்னேறும்போது அதன் நுனியில் பிடி தளர்ந்துகொண்டிருக்கும் பட்டையின் அகலம் சுமார் 170 மீட்டர்.

மாணவி முதல் நீளத்தைத் தொடக்கத்திலேயே பார்த்திருந்தார். "1 கிலோமீட்டர்ல ரெண்டு கட்டம் இருக்கே அண்ணா, ஒன்னுக்கு மேல இருந்தா போதாதா?" அந்த ஒரு நீளத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் உதைக்கின்றன. 8 மில்லிமீட்டரில் அந்த இரண்டாவது வரம்பு 650 மீட்டர், 500 மீட்டர் கட்டம் அதற்குள் இருந்தது, அதனால்தான் போலி எதுவும் வரவில்லை. 4 மில்லிமீட்டராக்கியதும் மூன்று நீளங்களும் பாதியாகின, கட்டம் மட்டும் அப்படியே நின்றது. சமன்பாட்டின்படி 1 கிலோமீட்டர் திட்டு வளர்ந்தால்தான் பூகம்பமே தொடங்க முடியும் என்றால், அரைக் கிலோமீட்டர் கட்டம் ஒன்று தனியாக வெடிக்கிறபோது எங்கள் கணினி மாதிரி தன்னோடு தானே முரண்படுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1993-லேயே ஜேம்ஸ் ரைஸ் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்: கட்டம் பெரிதாக இருந்தால் விதவிதமான அளவில் நிகழ்வுகள் வரும், கட்டத்தைப் போதுமான அளவு சிறிதாக்கினால் அந்தச் சிக்கல் தோற்றம் மறைந்து பெரிய பூகம்பங்களே திரும்பத் திரும்ப வரும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம், கொஞ்சம் சூடாகவே. பேராசிரியை முதலில் பட்டியலை விட்டுக்கொடுக்கவில்லை. இயற்கையில் பிளவுகள் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டால் என்ன தப்பு என்றார். வெறும் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஸ்பிரிங்கால் இணைத்த கட்டைகளின் வரிசையை வைத்து பரிட்ஜும் நோப்பாஃபும் 1967-ல் தொடங்கிய வழி அது, அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டுமானால் 500 மீட்டர் என்ற எண் நிலவியலிலிருந்து வர வேண்டும். எங்களுக்கு அது ரேமிலிருந்து வந்தது. உராய்வு விதிதான் இந்தச் சிறு நடுக்கங்களை உண்டாக்கியது என்ற எங்கள் தலைப்பும் அதோடு விழுந்துவிடும். இதைச் சொன்னதும் அவரே "சரி, அது நிக்காது" என்று விட்டுவிட்டார்.

முழுத் தளத்தையும் நேரடியாக 50 மீட்டருக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. 12.8 லட்சம் கட்டங்கள். பழைய முறையில் 13 டெராபைட் நினைவகம் வேண்டும், பேச்சுக்கே இடமில்லை.

கடைசியில் எடுத்தது, நீளத்தை மறந்துவிட்டு ஆழத்தை மட்டும் வைத்துப் பார்ப்பது. 40 கிலோமீட்டரை 500 மீட்டராகப் பிரித்தால் 80 கட்டங்கள்தான், 25 மீட்டர் என்றாலும் 1,600. அதே லேப்டாப்பில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். இதில் ஒரு நிகழ்வு என்பது நீளவாக்கில் முடிவில்லாத பட்டையாக ஆகிவிடுவதால் பூகம்ப அளவுகளை ஒப்பிட முடியாது. எங்களுக்கு வேண்டியதோ ஆம், இல்லை என்ற பதில் மட்டும். ரன் போடும் முன்பே பேராசிரியை மாணவியின் நோட்டில் எழுத வைத்தார்: கட்டம் சுருங்கும்போது மிகச் சிறிய நிகழ்வும் கூடவே சுருங்கினால் அது கட்டத்தின் வேலை, கட்டம் சுருங்கியும் அதே அளவில் நின்றால் அது சமன்பாட்டின் வேலை. இந்த முழு விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். விடை வந்த பிறகு எழுதியிருந்தால் ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருப்போம்.

கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதா என்று யோசித்தோம். ரன்கள் முடியும் வரை கை வைக்க வேண்டாம், ஆனால் ஆலோசகருக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்று முடிவானது.

வெளியே போன பட்டியல்

பேராசிரியையே போன் செய்தார். "சார், போன தடவ அனுப்பின பூகம்பப் பட்டியல எங்கயாவது யூஸ் பண்ணிட்டீங்களா?" அவர் பதறவில்லை. "இல்லம்மா, ஒரு பிரசென்டேஷன்ல படமா போட்டேன், அவ்வளவுதான். டிசைனுக்கு கோடுல இருக்கற நம்பர்தானே." அது உண்மைதான். பூகம்பத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893, அவர் கோடு என்றது அதைத்தான். அதன் 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது, அப்போது அவர்கள் வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்டது அந்த மண்டலத்துக்கான 0.16 என்ற கெழுதான். எங்கள் பட்டியலால் எந்தக் கம்பியின் தடிமனும் மாறவில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி, எந்த ஃபைல், எந்தத் தேதியில் போனது, ஏன் செல்லாது என்று மூன்று வரியில் மெயிலும் போட்டார். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் சுற்றிக்கொண்டிருந்ததால் தேதி இல்லாமல் அந்த மெயிலுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

என்ன கிடைத்தது

500 மீட்டரில் ஒற்றைக் கட்ட நிகழ்வுகள் முன்பு பார்த்த மாதிரியே கொத்துக்கொத்தாக வந்தன. 250-ல் குறைந்தன, வந்தவையும் பாதி அளவில் வந்தன, நோட்டில் எழுதிய முதல் வாக்கியம் அப்படியே. 100-ல் கிட்டத்தட்ட இல்லை. 50-ம் 25-ம் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஒத்துப்போயின. நேர்கோட்டை உண்டாக்கிய சிறு நிகழ்வுகள் போயே போய்விட்டன.

ஆனால் எல்லாம் போய்விடவில்லை, அதுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. பூட்டிக் கிடக்கும் பகுதியின் அடிவிளிம்புக்குப் பக்கத்தில் தொடங்கி, மேலே ஏறப் பார்த்து, தரைக்கு வராமலேயே அடங்கிவிடும் மிதமான நிகழ்வு ஒரு வகை, 50 மீட்டரிலும் 25 மீட்டரிலும் அதே இடத்தில், அதே அளவில் நின்றது. மாணவி அதைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு "அப்போ இது மட்டும் நெஜமா அண்ணா?" என்று கேட்டார். சமன்பாட்டைப் பொறுத்தவரை நிஜம். மறதித்தூரம் குறையும்போது, பூகம்பம் தொடங்கத் தேவையான திட்டு பூட்டிய பகுதியோடு ஒப்பிடச் சிறியதாகிறது, அதனால் அடியில் தொடங்குகிற கிழிசல் எல்லாமே மேல் வரை போயாக வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. தென் கலிபோர்னியா பூகம்ப மையத்தின் ஏற்பாட்டில் பல குழுக்கள் தங்கள் நிரல்களை ஒரே கணக்கில் ஓட்டிப் பார்த்து 2020-ல் வெளியிட்ட ஒப்பீட்டிலும் இதே 4 மில்லிமீட்டர் கணக்கு ஒன்று உண்டு, அதிலும் பெரியதும் மிதமானதுமாக இரண்டு வகை மாறி மாறி வருகிறது. கட்டம் பெரிதானால் போலிச் சிறு நிகழ்வுகள் முளைப்பதும் அதில் இருக்கிறது. அதை முதலில் ஓட்டிப் பார்த்திருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும் என்று சொல்லலாம், ஆனால் அந்த மிதமான நிகழ்வு ஏன் வருகிறது என்று மாணவிக்கு இவ்வளவு நன்றாகப் புரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

முழுத் தளத்துக்கு நிரலை மாற்றி எழுதினோம். நீளவாக்கில் இரண்டு கட்டங்களுக்கு இடையிலான தூரம்தான் கணக்கு, அவை எங்கே இருக்கின்றன என்பது இல்லை, அதனால் வேகமான ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறையை வைத்து அதே வேலையைச் சில ஜி.பி.க்குள் முடிக்க முடியும். நுனிப் பட்டைக்குள் குறைந்தது மூன்று கட்டமாவது இருக்க வேண்டும் என்ற நடைமுறை விதியை வைத்துக்கொண்டு மறதித்தூரத்தை மறுபடி 8 மில்லிமீட்டருக்கு ஏற்றினோம். அதில் பட்டை சுமார் 340 மீட்டர், கட்டம் 100 மீட்டர், மொத்தம் 3.2 லட்சம் கட்டங்கள். கல்லூரிக் கிளஸ்டரில் ஓடியது. பெரியவை மட்டும்தான் வந்தன, கடிகாரம் மாதிரியேதான், ஆனால் இந்த முறை அதை நம்பலாம்.

கருத்தரங்கில் தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். கட்டத்தின் அளவு முடிவை எப்படி மாற்றுகிறது என்பதே பேச்சாகிவிட்டது. கேள்வி நேரத்தில் பாதிப் பேர் தங்கள் சொந்த நிரல்களைப் பற்றித்தான் கேட்டார்கள், அதுவும் பூகம்பமே சம்பந்தமில்லாத துறைகளிலிருந்து.

இனி மாற்றிச் செய்வது

கட்டத்தின் அளவை இன்புட்டில் யாரும் கையால் தருவதில்லை. மறதித்தூரம், அழுத்தம், கெழுக்கள் இவற்றை வைத்து நிரலே மூன்று நீளங்களையும் கணக்கிட்டு, கட்டம் பெரிதாக இருந்தால் ஓட மறுத்துவிடுகிறது. மாணவர்களுக்கு எரிச்சல், இருக்கட்டும். அதே நீளங்கள் ஒவ்வொரு வெளியீட்டு ஃபைலின் தலையிலும் அச்சாகின்றன, ஆறு மாதம் கழித்துத் திறக்கிறவருக்கும் தெரியும்படி. விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டங்களில் முடிந்துவிடும் நிகழ்வுகள் பட்டியலில் தனிக் குறியோடு வருகின்றன. இரண்டு கட்ட அளவுகளில் ஓட்டி ஒப்பிடாத எதுவும் கல்லூரிக்கு வெளியே போகக்கூடாது என்பதைப் பேராசிரியை விதியாகவே வைத்துவிட்டார்.

சிறு நடுக்கங்கள் வேண்டும் என்றால் அவற்றுக்கான காரணத்தை மாதிரிக்குள் நாமே வெளிப்படையாக வைக்க வேண்டும். தளத்தில் மேடு பள்ளம், இடத்துக்கு இடம் மாறும் அழுத்தம், மறதித்தூரம் வேறுபடும் திட்டுகள், எல்லாம் நுனிப் பட்டையைவிடப் பெரிய அளவில். மாணவியின் ஆய்வேட்டில் இது கடைசி அத்தியாயமாகத் தொடங்கியிருக்கிறது. முழுத் தளத்தில் 4 மில்லிமீட்டர், 50 மீட்டர் கட்டம் என்ற ரன் இன்னும் பாக்கி. கிளஸ்டரில் நேரம் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், அந்த மிதமான நிகழ்வு நீளவாக்கில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதுதான் அதில் முதலில் பார்க்கப்போவது.